பாலத்தை இடித்து ஓடையை மீட்ட நகரம்
தென்கொரியத் தலைநகர் சியோலின் நடுவே ஓடும் சொங்கேசொன் ஓடை, பல ஆண்டுகள் கான்கிரீட்டுக்கு அடியில் சாக்கடையாகக் கிடந்தது. அதன் மேல் ஒரு விரைவு மேம்பாலம்; நாளொன்றுக்கு லட்சம் வண்டிகளுக்கு மேல் ஓடின. 2003-இல் மாநகராட்சி பாலத்தையே இடித்தது. ஊரே ஸ்தம்பித்துவிடும் என்று பலர் பயந்தார்கள். அடுத்த ஆண்டே பேருந்துகளுக்குத் தனித்தடங்கள் வந்தன. பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. 2005-இல் சுமார் 6 கிலோமீட்டர் ஓடை திறக்கப்பட்டது. கோடையில் அதன் கரை, பக்கத்துச் சாலையைவிட 3 டிகிரிக்கு மேல் குளிர்ச்சி. அலுவலக ஊழியர்கள் மதிய வேளையில் கற்படியில் உட்கார்ந்து தண்ணீரில் கால் நனைக்கிறார்கள். குறையும் உண்டு: ஓடைக்குச் சொந்த நீர் போதாது, பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றப்படுகிறது, அதற்கும் மின்சாரம் வேண்டும். மீனும் கொக்கும் அந்தக் குறையைப் பார்க்கவில்லை, திரும்பி வந்துவிட்டன.