கோபத்துக்கு முட்டுக் கொடுப்போம்

 

இன்று கோபத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். கோபம் வராத மனிதர் உண்டா? இல்லை. கோபம் வருவது தவறா? அதுவும் இல்லை. அது யார் மேல் வருகிறது? யார் மேல் விழுகிறது? இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

நம் ஊர் கோலார் தங்கவயல். இங்கே சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் பாரம் அழுத்தும். கல்லை வெட்டி எடுத்த இடம் வெற்றிடம் ஆகும். சுற்றிலும் உள்ள பாறைதான் அந்தப் பாரத்தைத் தாங்கும். தாங்க முடியாதபோது திடீரென்று வெடிக்கும். இதை 'ராக் பர்ஸ்ட்' என்பார்கள். மேலே லைன் வீடுகள் கூட அதிரும். பலர் உயிர் இழந்தார்கள்.

அதற்காகப் பாறையைத் திட்டினார்களா? இல்லை. வெட்டிய இடத்தில் கருங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். பிறகு கான்கிரீட் நிரப்பினார்கள். பாறையின் சிறு அதிர்வையும் கேட்கக் கருவிகள் வைத்தார்கள்.

மனமும் அப்படித்தான். பாரம் ஏறினால் வெடிக்கும்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போயிற்று. அதன் பிறகு ஒரு வீட்டில் என்ன நடந்திருக்கும்? நினைத்துப் பாருங்கள்.

மனைவி விடியும் முன்பே மாரிகுப்பம் ரயிலைப் பிடிக்கிறார். பெங்களூரில் வேலை. இரவுதான் திரும்புகிறார். வந்து சமைக்கிறார். குழம்பில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. கணவர் தட்டைத் தள்ளிவிடுகிறார். பிள்ளைகள் பயந்து மூலைக்குப் போகிறார்கள்.

அவருக்குக் கோபம் உப்பின் மேலா? இல்லை. வேலை போன துக்கம். பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுகிறோமே என்ற வெட்கம். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே அழுத்திய பாரம் தட்டின் மேல் விழுந்தது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில், உடம்பு சொல்வதைக் கேளுங்கள். பல்லைக் கடிக்கிறோம். கை நடுங்குகிறது. குரல் ஏறுகிறது. இவை சிறு அதிர்வுகள். அப்போதே எழுந்து கொஞ்ச தூரம் நடந்து வாருங்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இரண்டாவது, உண்மையான காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். "எனக்கு மனசு சரியில்லை. வேலை இல்லாதது உறுத்துகிறது" என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்தான் முட்டு. கேட்பவர் குறுக்கே பேசாமல் கேட்டால் போதும். அதுவே பெரிய அன்பு.

ஒன்றை மறக்கக் கூடாது. பொறுமை என்றால் அடி வாங்குவது இல்லை. கோபம் வரலாம், கை ஓங்கக் கூடாது. வீட்டில் நடக்கும் வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. உதவி வேண்டும் பெண்கள் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

மூன்றாவது, நம்மை நாமே மட்டமாக நினைக்கக் கூடாது. சுரங்கம் ஏன் மூடப்பட்டது? கல்லில் தங்கம் குறைந்தது. ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. வருமானம் போதவில்லை. அது தொழிலாளியின் குற்றமா? வேலை போனால் மனிதரின் மதிப்புப் போய்விடுமா? 3 கிலோமீட்டர் ஆழத்தில் சூட்டிலும் புழுக்கத்திலும் பாடுபட்டவர்கள் நம் தாத்தாக்கள், அப்பாக்கள். இன்று தினமும் ரயிலில் போய் வந்து வீட்டைத் தாங்குகிறவர்கள் நம் அக்காக்கள், தம்பிகள். இவர்களில் யார் மட்டம்?

சந்தோஷம் நிறையப் பணம் வந்த பிறகுதான் வரும் என்று காத்திருக்க வேண்டாம். களைத்து வருகிறவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். இதற்குக் காசு வேண்டாம்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒருவரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள். அவர் பேசும்போது நீங்களும் காது கொடுங்கள்.