நெடுந்தூரப் பாதையில் நாங்கள் கற்றவை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர்களிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தால் நீரிழிவைப் பற்றியும் குருதியமுக்கத்தைப் பற்றியும் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். அவற்றையும் கொஞ்சம் பேசத்தான் போகிறோம். ஆனால் இன்று எடுத்துக்கொண்ட விடயம் ஓட்டம். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடிய நூறு மீற்றரும் இல்லை, தார் வீதியில் ஓடும் மரதனும் இல்லை. மலைப்பாதையில் 50, 100, சிலவேளை 160 கிலோமீற்றருக்கும் மேலாக ஓடும் ஓட்டம். நாங்கள் என்று சொல்வது, இங்கிலாந்தின் வடக்கே வேலை செய்துகொண்டு, ஓய்வு நாட்களில் இப்படி ஓடப்போகும் சில பெண்களை. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பாடசாலையில் ஒரு கிண்ணமும் வெல்லாதவர்கள்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். இதை ஓட்டம் என்று சொன்னாலும் பாதித் தூரம் நடைதான். ஏற்றத்தில் நடப்போம், சமதரையிலும் இறக்கத்திலும் ஓடுவோம். லேக் டிஸ்ரிக்ட் என்னும் ஏரி மாவட்டத்தில் ஆண்டுதோறும் ‘லேக்லண்ட் 100’ என்ற போட்டி நடக்கிறது. தூரம் 105 மைல், அதாவது 169 கிலோமீற்றர். மொத்த ஏற்றம் ஏறத்தாழ 6,300 மீற்றர். எமது பிதுருதலாகல மலையின் உயரம் 2,524 மீற்றர்; கடல்மட்டத்திலிருந்து அதன் உச்சிக்கு இரண்டரைத் தடவை ஏறுவதற்குச் சமம் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கொடுக்கப்படும் நேரம் 40 மணித்தியாலம். ஓர் இரவோ இரண்டு இரவுகளோ நித்திரை இல்லை. முதுகுப் பையில் மழையங்கி, வரைபடம், திசைகாட்டி, நெற்றி விளக்கு, விசில் எல்லாம் இருக்கவேண்டும். அவை இல்லாதவரை ஓடவிட மாட்டார்கள்.

இப்படியான தூரத்தில் வெல்லுபவர் வேகமானவர் மட்டுமல்லர். தன்னைக் கவனிக்கத் தெரிந்தவர். எங்கள் அனுபவம் முழுவதையும் இந்த ஒரு வசனத்தில் அடக்கிவிடலாம்.

உதாரணமாகச் சாப்பாட்டை எடுங்கள். தசையிலும் ஈரலிலும் சேமித்துள்ள மாச்சத்து சில மணித்தியால ஓட்டத்தில் தீர்ந்துவிடும். ஆகவே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்கவேண்டும். பசிக்கும்வரை காத்திருந்தால் நேரம் பிந்திவிடும். கடையில் விற்கும் இனிப்புப் பசைகளை எங்கள் வயிறு ஏற்கவில்லை. எள்ளுருண்டையும் பயத்தம் பணியாரமும் உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கும் கொண்டுபோகிறோம். வெள்ளைக்காரப் பெண்களும் இப்போது எங்கள் பையைத்தான் பார்க்கிறார்கள்.

தண்ணீரும் அப்படித்தான். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. 2002 ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதனில் ஓடிய 488 பேரின் குருதியை முடிவுக் கோட்டில் பரிசோதித்தபோது, 13 வீதமானோருக்கு சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மிஞ்சிக் குடித்ததே அதற்கு முக்கிய காரணம். சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். தாகத்துக்குக் குடி என்பதுதான் இன்றைய அறிவுரை. உடம்பு சொல்வதைக் கேள் என்பதே அதன் பொருள்.

பெண்களின் உடம்பு என்ன சொல்கிறது என்பதை உலகம் நெடுங்காலம் கேட்கவில்லை. 1928 இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீற்றர் ஓடினார்கள். அவர்கள் களைத்து விழுந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுத, அந்தப் போட்டியே நிறுத்தப்பட்டது. 1960 இல் ரோமில்தான் அது திரும்பி வந்தது. பெண்களுக்கு ஒலிம்பிக் மரதன் கிடைத்தது 1984 இல். எங்களுக்கு மூத்த அக்காமார் இங்கே படித்துக்கொண்டிருந்த காலம் அது.

அங்கிருந்து 2019 ஜனவரிக்கு வாருங்கள். ஜஸ்மின் பாரிஸ் என்ற மிருக வைத்தியர், பெனைன் மலைத்தொடர் வழியாக 268 மைல் செல்லும் ‘ஸ்பைன்’ போட்டியில் ஓடினார். கொட்டும் குளிர்காலம். வீட்டில் பால்குடி மறவாத 14 மாதக் குழந்தை. தரிப்பிடங்களில் நின்று பாலை எடுத்துக்கொண்டே ஓடி, 83 மணித்தியாலம் 12 நிமிடத்தில் ஆண் பெண் எல்லோருக்கும் முதலாவதாக வந்தார். முன்னைய சாதனையைவிட ஏறத்தாழ 12 மணித்தியாலம் குறைவு. 2024 மார்ச்சில், தனது நாற்பதாவது வயதில், அமெரிக்காவின் ரெனசி மாநிலத்தில் நடக்கும் ‘பார்க்லி’ ஓட்டத்தை முடித்த முதற்பெண் ஆனார். அதற்குரிய நேரம் 60 மணித்தியாலம். அவர் முடித்தபோது மீதியிருந்தது 99 செக்கன்.

ஸ்பைன் ஓட்டத்தில் அவர் பால் எடுக்க நின்ற நேரத்தை வீணான நேரம் என்று சிலர் நினைக்கலாம். பால் கட்டினால் காய்ச்சல் வரும், ஓட்டமே நின்றுபோகும் என்று தாய்மாருக்குத் தெரியும். நின்று தன்னைக் கவனித்ததும் அவருடைய ஓட்டத்தின் ஒரு பகுதிதான்.

இனிக் கொஞ்சம் பாரமான ஒரு விடயம். இந்தச் சபையில் எங்கள் வயதினர் பலர் இருக்கிறீர்கள். நாம் முதன்முதலாக ஓர் இரவு முழுவதும் நடந்தது எந்தப் போட்டியிலும் அல்ல. 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், மழை, நகரவே முடியாத சனம். பாடசாலைச் சீருடையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள் நாம். சில மைல் தூரத்தைக் கடக்க விடிந்துவிட்டது. எங்கள் அம்மாமார் யாரும் கால் நோகிறது என்று சொன்னதாக நினைவில்லை.

அதனால்தான் நாங்கள் மலையில் ஓடப்போகிறோம் என்றபோது வீட்டில் கேட்டார்கள்: “காசும் கட்டி விடிய விடிய நடக்க உங்களுக்கென்ன விசரோ?” நியாயமான கேள்விதான். பல இரவுகள் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ஓடினோம்.

எங்களுக்குக் கிடைத்த பதில் இதுதான். மலையோட்டத்தில் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒருவர் பட்டியலோடு இருப்பார். எங்கள் இலக்கத்தைப் பார்த்து, வந்த நேரத்தைக் குறித்து, முகத்தைப் பார்த்து, சூப் ஒரு கோப்பை தருவார். கடைசி ஆள் வந்து சேரும்வரை கணக்கு முடிவதில்லை. போதும் என்று சொன்னால் போர்வை போர்த்து வாகனத்தில் ஏற்றுவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அதே ஏரி மாவட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் 42 மலையுச்சிகளைத் தொடும் ‘பொப் கிரஹாம் சுற்று’ என்றொரு வழக்கம் இருக்கிறது. 1932 இல் கெஸ்விக் என்ற ஊரில் விடுதி நடத்திய ஒருவர் தொடக்கிவைத்தது. ஒவ்வோர் உச்சியிலும் உடன் வந்த ஒருவர் சாட்சி சொன்னால்தான் அதை ஏற்றுக்கொள்வார்கள். தனியே பட்ட பாடு அங்கே கணக்கில் இல்லை.

95 இல் நடந்தவர்களை எண்ண யாரும் இருக்கவில்லை. நிற்கவும் இடமிருக்கவில்லை. விருப்பமும் கேட்கப்படவில்லை. தூரம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. எங்கள் அம்மாமார் தாங்கிக்கொண்டது வேறு வழியில்லாமல். நாங்கள் ஓடுவது தெரிந்தெடுத்து, எண்ணப்பட்டு, கவனிக்கப்பட்டு. இரவில், பனிமூட்டத்தில், முன்னால் போகிறவளின் விளக்கு மட்டும் தெரியும்போது அந்த வித்தியாசம் உடம்புக்கே விளங்குகிறது. நடந்த இரவு மறக்கவில்லை. ஆனால் இருட்டில் நடப்பது இப்போது பயமாக இல்லை. ஓட்டம் எங்களுக்குத் தந்ததில் பெரியது அதுதான்.

தோழியரே, இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் பொறுமைக்குப் புகழ் பெற்ற பிள்ளைகள். வைத்தியர்களிடம் வரும்போது, “ஒன்றுமில்லை டொக்டர், களைப்புத்தான்” என்று தொடங்குகிறவர்கள் நாம்தான். விசாரித்தால் மாதவிடாயில் அதிகம் குருதி போய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். படியேற மூச்சு வாங்குவதைக் காஸ் என்று நினைத்திருப்போம். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலியோடு, சிலவேளை அது இல்லாமலும், மூச்சு முட்டலும் அசாதாரணக் களைப்பும் இருக்கலாம். தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட இளவயதிலும், குறைந்த உடல் நிறையிலும் நீரிழிவு வருகிறது. பிரித்தானியாவில் எமக்கு உடற்திணிவுச் சுட்டி 23 ஆனாலே எச்சரிக்கிறார்கள். வெள்ளையர்களுக்கு அது 25. மாதவிடாய் நின்றபின் என்புகள் வேகமாக அடர்த்தி இழக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் பொறுமை மருந்தாகாது.

நீங்கள் நூறு மைல் ஓடவேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவு. வேகமான நடையே போதும். இதயநோய், நீரிழிவு, மூட்டுவலி உள்ளவர்கள் முதலில் தங்கள் வைத்தியரைக் கேளுங்கள். எமது சங்கத்துக்கு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்றுகூடல் என்றால் மண்டபமும் மதியச் சாப்பாடும் என்று இருப்பதோடு, மாதம் ஒருதடவை நடை என்றும் இருக்கட்டும். மலையில் கற்ற மூன்று விதிகள் போதும். தொடக்கத்தில் பெயர்களை எழுதி, முடிவில் எண்ணிப் பாருங்கள். மிக மெதுவாக நடப்பவருடன் ஒருவர் எப்போதும் இருக்கட்டும். போதும் என்று சொல்பவரிடம் காரணம் கேட்காதீர்கள்.

அதிபர் அவர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். சாதாரண தரப் பரீட்சை வந்துவிட்டது என்று உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். மைதானத்தில் கடைசியாக வரும் பிள்ளைக்கும் கோட்டருகே ஓர் ஆசிரியர் நிற்கட்டும். கடைசியாக வந்த சிலர்தான் முப்பது வருடம் கழித்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

நூறு வருடமாக எங்கள் பெயர்களை இடாப்பில் எழுதி, காலையில் கூப்பிட்டு, வராதவளைத் தேடிய இடம் இந்தப் பாடசாலை. எண்ணப்படுவதன் அருமையை முதலில் இங்கேதான் அறிந்தோம்.