கோழியும் நாயும் ஒரே லயத்தில்

(தோட்டத்துப் பெண்களின் கோழி வளர்ப்புக் குழுக் கூட்டத்தில் எமது நலன்புரிக் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கோழிக்கு வரும் வியாதிகளைப் பற்றிப் பேசுவதாகத்தான் நாங்கள் வந்தோம். வந்து உட்கார்ந்ததும் முன்னால் இருந்த அக்கா ஒருவர், "வியாதியில செத்த கோழிய விட நாய் புடிச்சு செத்த கோழிதான் எங்க லயத்துல கூட" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. ஒருவர் கோழிக்காரி, மற்றவர் நாய்க்காரர். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். ஆகவே வியாதியை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக் கொள்வோம்.

ஒரு கோழி போனால் என்ன போகிறது என்பதை முதலில் ஆண்கள் தெரிந்து கொள்ள வேண்டும். அடைக்கோழி 21 நாள் படுத்துக் குஞ்சு பொரிக்கிறது. பருந்துக்கும் கீரிக்கும் தப்பிய குஞ்சு முட்டையிட ஐந்தாறு மாதம் ஆகிறது. அந்த முட்டைக் காசு சம்பளச் சீட்டில் வராத காசு. பிள்ளையின் கொப்பியும் பென்சிலும் அதில்தான் வருகின்றன. தாயின் கையில் இருக்கும் அந்தக் காசு தவறணைப் பக்கம் போவதில்லை. "ஒரு கோழிதானே, கறிக்கு ஆச்சு" என்று நாய்க்காரர் சொல்லும்போது அந்த அம்மாவுக்கு வயிறு எரிவது அதனால்தான்.

இனி நாயின் பக்கத்தையும் பார்ப்போம். கோழி பிடிக்கும் நாய் கெட்ட நாய் அல்ல. பல நேரம் பசித்த நாயும் அல்ல. வயிறு நிறையச் சோறு தின்ற நாயும் கோழியைத் துரத்தும், நாலைந்தைக் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றையும் தின்னாமல் போகும். அது வேட்டைக் குணம். முறைத்துப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, உதறுவது எல்லாம் ஒரு சங்கிலி போல வரும். கோழி ஓடினாலும் சிறகடித்தாலும் அந்தச் சங்கிலி இன்னும் இறுகும். சில நாய்க்கு இது கொஞ்சம், சில நாய்க்கு அதிகம். மரக்கறித் தோட்டத்துக்கு வரும் காட்டுப்பன்றியை விரட்ட நாங்களே பழக்கிய நாய்களுக்கு இன்னும் அதிகம். ஞாயிற்றுக்கிழமை "புடி, புடி" என்று முயலின் பின்னால் ஏவிவிட்டு, திங்கட்கிழமை கோழியின் பின்னால் ஓடினால் அடிப்பது எந்த நியாயம்? பன்றி வேறு, பக்கத்து வீட்டுக் கோழி வேறு என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்க விடுவதைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறோம். நாறும், ஈ மொய்க்கும், நாய்க்கு ஒன்றும் விளங்காது. வேலை முடிந்து வந்து, காலையில் பிடித்த கோழிக்காகச் சாயந்திரம் அடிப்பதும் அப்படித்தான். நீங்கள் வந்தால் அடி விழும் என்றுதான் நாய் படிக்கும். பிறகு நீங்கள் இல்லாத நேரம் பார்த்துப் பிடிக்கும். இன்னொன்று, கடித்த கோழியை "இனி என்ன செய்றது" என்று நாய்க்கே போட்டு விடாதீர்கள். அது பரிசு கொடுத்த மாதிரி.

குற்றம் சாட்டுவதற்கு முன் கூட்டையும் பாருங்கள். இரவில் கோழி போயிருந்தால், தலையும் கழுத்தும் மட்டும் தின்னப்பட்டிருந்தால், அது மரநாயின் வேலையாக இருக்கலாம். கட்டிக் கிடந்த நாயின் மேல் பழி போட்டுச் சண்டை பிடித்த கதையும் எங்களுக்குத் தெரியும்.

சரி, என்னதான் செய்வது? எங்கள் அனுபவத்தில் நாயைத் திருத்துவதை விட நேரத்தைத் திருத்துவது சுலபம். கோழி வெளியே இருக்கும்போது நாய் உள்ளே. நாய் வெளியே இருக்கும்போது கோழி உள்ளே. பொழுது சாயக் கோழி தானாகக் கூட்டுக்கு வரும். கதவைக் கொண்டி போட்டுவிட்டு நாயை அவிழ்க்கலாம். இரவில் அது காவலும் காக்கும். விடிய, பெரட்டுக்குப் போகும் முன் நாயைக் கட்டிவிட்டுக் கோழியைத் திறக்க வேண்டும். இதை ஒரு வீடு மட்டும் செய்தால் பலன் இல்லை. லயத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"பகல் முழுக்கக் கட்டிப் போட்டா நாய் பைத்தியம் புடிச்சிருமே" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு முழச் சங்கிலியில் நாள் பூராவும் கிடக்கும் நாய் மூர்க்கமாகும், பிள்ளைகளையும் கடிக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு மரத்துக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு மேலே தடித்த கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, ஒரு வளையத்தைக் கோர்த்து, வளையத்தில் சங்கிலியை மாட்டுங்கள். நாய் அங்குமிங்கும் நடக்கலாம். சங்கிலி மரத்தில் சுற்றிக்கொள்ளாதபடி இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுக் கொள்ளுங்கள். நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் கயிற்றில் பிடித்து ஒரு நடை கூட்டிக்கொண்டு போனால் பாதிக் குழப்படி குறையும். கோழி கண்ணில் படும் இடத்தில் மட்டும் கட்டாதீர்கள். பார்த்துப் பார்த்துத்தான் வெறி ஏறும்.

கூடு விஷயத்தில் ஒரு தவறு எங்கும் நடக்கிறது. மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான். நாயை வெளியே வைக்க அல்ல. திடமான நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். கீழே இரண்டு அடிக்குப் பலகையோ தகரமோ அடியுங்கள். அப்போது நாய்க்கு உள்ளே தெரியாது. தோண்டாமல் இருக்க, கூட்டைச் சுற்றி ஒரு அடி அகலத்துக்கு வலையைத் தரையில் விரித்துக் கல் வையுங்கள். காலுக்கு மேல் உயர்த்திய கூடு என்றால் இன்னும் நல்லது. எச்சமும் கீழே விழும், உரத்துக்கு ஆகும்.

பழக்க விரும்புகிறவர்கள் குட்டியிலேயே தொடங்க வேண்டும். கயிற்றில் பிடித்துக்கொண்டு, கோழிக்குத் தூரத்தில் நில்லுங்கள். எவ்வளவு தூரம்? கோழியைக் கண்டும் உங்கள் கையில் இருக்கும் கருவாட்டுத் துண்டை நாய் வாங்கித் தின்னும் தூரம். அது கோழியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும்போது "விடு" என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் அந்த ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "விடு", அண்ணன் "ச்சூ", ஆயா "போடா" என்றால் நாய் யார் சொல் கேட்கும்? ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். வாரக் கணக்கில் மெல்ல மெல்லக் கிட்டப் போங்கள். உடம்பு விறைத்து, வாயை மூடி, கண் சிமிட்டாமல் நின்றால் நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டப் போய்விட்டீர்கள், பின்னுக்கு வாருங்கள். இப்படிப் பழகிய நாயையும் கோழியோடு தனியே விட்டுவிட்டு மலைக்குப் போகாதீர்கள். ஏற்கனவே கொன்று ருசி கண்ட வளர்ந்த நாய் என்றால், உண்மையைச் சொல்கிறோம், கம்பியும் கதவும்தான் மருந்து. கருத்தடை செய்தால் ஊர் சுற்றுவது குறையும், வேட்டைக் குணம் போகாது. ஆனாலும் செய்வது நல்லது.

நாயின் வாயிலிருந்து கோழியைப் பிடுங்கக் கையை விடாதீர்கள். கடி பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வளர்ப்பு நாய்தானே என்று இருந்து விடாதீர்கள். காட்டுக்குள் திரியும் நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி வருஷா வருஷம் கட்டாயம் வேண்டும்.

இனிச் சொல்லப் போவது எங்களுக்கே கஷ்டமான விஷயம். சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் மூன்று கோழியை இழந்த ஒருவர், கோபத்தில் கருவாட்டில் நஞ்சு தடவிக் கானோரம் போட்டார். அந்த நாய் சாகவில்லை. வேறு வீட்டுப் பூனையும் அவருடைய சொந்தச் சேவலும் செத்தன. பிள்ளை மடுவத்திலிருந்து வந்த சின்னப் பிள்ளை ஒன்று மிச்சத் துண்டைக் கையில் எடுத்துவிட்டது. ஆயா கண்டு தட்டிவிட்டதால் தப்பியது. அந்த மனிதர் எங்களிடம் சொன்னது, "நான் நாய நெனச்சேன், புள்ளைய நெனைக்கலீங்க." அதன் பிறகு அந்த லயத்தில் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். நாய் கோழியைக் கொன்றால் காசு இல்லை; கோழிக்குக் கோழி. முட்டையிடும் கோழி போனால் முட்டையிடும் கோழிதான், குஞ்சு அல்ல. யார் நாய் என்று தெரியாவிட்டால் நாய் வைத்திருக்கும் எல்லோரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். முதல் மாதம் முணுமுணுத்தார்கள். இரண்டாம் மாதம் எல்லா நாய்க்கும் கம்பி கட்டியாகிவிட்டது.

இங்கேயும் அப்படி ஒன்றை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டோம். முன்வரிசை அக்கா தலையாட்டினார். நாய்க்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கம்பி எங்க வாங்குறது?" என்று கேட்டார். ஞாயிறு காலையில் நாங்கள் கம்பியும் வளையமும் கொண்டு வருகிறோம். லயத்துக்கு இரண்டு பேராவது சுத்தியலோடு வாசலில் நில்லுங்கள்.