ஐந்து ஊர்களும் ஒரு கழியும்



தலைமையுரை ஆற்ற வேண்டும் என்று கடிதம் வந்தபோது, வேறு யாருக்கோ எழுதியது முகவரி மாறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது. அன்று முதல் மூன்று வாரமாக இரவில் சரியான தூக்கம் இல்லை. இந்த நாற்காலியில் எனக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் பேரறிஞர்கள். நான் காலடிப்பேட்டையில் பிறந்து, துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவரின் மகனாக வளர்ந்து, எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் தூசியில் பாதி வாழ்நாளைத் தும்மிக் கழித்தவன். பிழை இருந்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் தேநீர் இடைவேளையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாநாட்டின் பொருள், கோரமண்டல் கரைத் துறைமுகங்களும் வல்லரசுப் போட்டியும். பழவேற்காட்டில் டச்சுக்காரர், சாந்தோமில் போர்ச்சுக்கீசியர், தரங்கம்பாடியில் டேனியர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் என்று இரண்டு நாளும் பேச அறிஞர்கள் வந்திருக்கிறார்கள். 1639-இல் தாமர்ல வெங்கடாத்ரியிடம் பிரான்சிஸ் டே பெற்ற மணல் திட்டைப் பற்றி இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. வழக்குக்கு உள்ளான நிலம் என்றதும் எல்லோரும் கச்சத்தீவுக்குப் போய்விடுகிறோம். 1974 ஒப்பந்தத்தையும் 1976 ஒப்பந்தத்தையும் பிரித்து மேய ஒரு முழு அமர்வே ஒதுக்கியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் கச்சத்தீவின் பரப்பு 285 ஏக்கர். இந்த மண்டபத்துக்கு வடக்கே, பேருந்தில் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில், எண்ணூர்க் கழியில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் ஒரு வழக்கு கிடக்கிறது. அதைப் பற்றி நிகழ்ச்சி நிரலில் ஒரு கட்டுரைகூட இல்லை. அமைப்பாளர்களைக் குறை சொல்லவில்லை. கட்டுரை அனுப்பாதவர்களில் நானும் ஒருவன்.

ஐந்து ஊர்களிலிருந்து தொடங்குகிறேன். திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். 1708-இல் நவாப் தாவூத் கான், ஆளுநர் தாமஸ் பிட்டின் காலத்தில் இவற்றைக் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கொடுத்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் அதே சென்னைப் பட்டணத்தை முற்றுகையிட்டு, சோறு தண்ணீர் உள்ளே போகாமல் தடுத்தவர் அவர். அவருக்கு மதுவின் மேல் இருந்த பிரியத்தையும், கோட்டையார் அதை எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதையும் பற்றிச் சுவையான கதைகள் உண்டு. அவற்றை உணவு வேளைக்கு வைத்துக்கொள்வோம். 1711-இல் அடுத்த நவாப் சாதத்துல்லா கான் ஊர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கும்பினி விடவில்லை. கல்கத்தாவிலிருந்து ஜான் சர்மன் தலைமையில் தில்லிக்குத் தூது போனது. கூடப் போன மருத்துவர் வில்லியம் ஹாமில்டன் பேரரசர் ஃபரூக்சியரின் நோயைத் தீர்த்தார். பேரரசரின் ஆணையான ஃபர்மான் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு 1717-இல் ஆளுநர் ஜோசப் காலெட் ஊர்களைக் கைப்பற்றினார். நவாபின் ஆளான தயாராம் படையோடு திருவொற்றியூருக்கு வர, லெப்டினன்ட் ஜான் ரோச் அவரை விரட்டியடித்தார். ஒன்பது ஆண்டுக்குள் ஒரே மண் மூன்று முறை கை மாறிவிட்டது.

அந்தக் காலெட்டின் பெயரில் எழுந்ததுதான் நெசவாளர் குடியிருப்பான காலெட் பேட்டை, இன்றைய காலடிப்பேட்டை. யாருடைய காலடி என்று என் பாட்டி ஒரு கதை சொல்வார். உறவினர் ஒருவர் இன்னொரு கதை சொல்வார். இரண்டிலும் வெள்ளைக்காரன் கிடையாது. ஊர் தன் பெயரைத் தானே மீட்டுக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். மெட்ரோ நிலையத்திலும் இன்று காலடிதான்.

1742-இல் இன்னோர் ஐந்து ஊர்கள் வந்தன. அவற்றில் எர்ணாவூரும் சடையன்குப்பமும் நம் பகுதி. நான்கே ஆண்டில், 1746-இல், பிரெஞ்சுக்காரர் லா பூர்தொன்னே கப்பல்களோடு வந்து சென்னையைப் பிடித்தார். அதை வைத்து அவருக்கும் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்கும் நடந்த சண்டையைத் தமிழில் எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1748-இல் ஐரோப்பாவில் கையெழுத்தான அய்-லா-ஷபேல் உடன்படிக்கையின்படி சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது. ஈடாகப் பிரெஞ்சுக்காரருக்குப் போனது கனடாக் கரையில் இருக்கும் லூயிபூர்க் கோட்டை. அது காட் மீன் பிடிப்போரின் ஊர். எர்ணாவூர்க்காரர் எத்தனையோ தலைமுறையாக எறாவும் மடவையும் பிடித்துக்கொண்டிருந்த கழி, பனிக்கடலில் காட் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் கரைக்கு மாற்றாகப் பேசி முடிக்கப்பட்டது. இரண்டு கரையிலும் வலை இழுத்தவனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் வெளியிட்ட நூலிலும், கோட்டையின் குறிப்பேடுகளிலும் நீங்கள் படித்ததுதான். லவ் இல்லாமல் நம்மில் யாரும் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. அவர் ராணுவத்தார். எந்த அதிகாரி எந்த வாசல் வழியாக நுழைந்தார் என்பதை அவரைவிடத் துல்லியமாக எழுத ஆளில்லை. ஆனால் கைமாறிய பொருள் என்ன என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்குப் பின் வந்த நாமும் கேட்கவில்லை. யார் கொடுத்தார், யார் பெற்றார், என்ன விலை என்பதோடு நிறுத்திக்கொண்டோம். கத்திவாக்கம் என்ற ஊரைக் கொடுத்தார் என்றால் எதைக் கொடுத்தார்? வீடுகளையா, நஞ்சையையா, உப்பளத்தையா, கழியையா? ஊர் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது? கோட்டைக் குறிப்பேடுகளில் அந்த ஊர்கள் பகோடா நாணயக் கணக்காகத்தான் பேசப்படுகின்றன. கிழக்கெல்லையும் வடக்கெல்லையும் வெறுமனே கிடக்கின்றன.

1987-இல் ஒரு கருத்தரங்கில் இந்தக் கேள்வியை எழுப்பினேன். தலைமை வகித்த பேராசிரியர், மீன் பிடிக்கிற இடத்துக்கெல்லாம் வரலாறு எழுதக் கிளம்பினால் காகிதத்துக்கு எங்கே போவது என்றார். அவை சிரித்தது. நானும் சிரித்தேன், மேடையில் வேறு என்ன செய்வது? அவருடைய நில வருவாய் நூலை இன்றும் மாணவர்களுக்கு முதல் பாடமாக வைக்கிறேன். காகிதப் பஞ்சம் தீர்ந்துவிட்டது என்பதை மட்டும் இங்கே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நாம் திறந்து பார்க்காத சான்றுக்கு வருகிறேன். சோழர் செப்பேடுகளில் நிலக்கொடை சொல்லும் இடத்தில் ஒரு வாய்பாடு வரும். கல்வெட்டுக்காரர்களுக்கு அது மனப்பாடம். அதனாலேயே அதைப் படிப்பதில்லை. மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு என்று அடுக்கிக்கொண்டு போய், உடும்பு ஓடிய இடமும் ஆமை தவழ்ந்த இடமும் சேர என்று முடிப்பார்கள். லெய்டன் செப்பேடு எனப்படும் ஆனைமங்கலச் செப்பேட்டில் இதைப் பார்க்கலாம். உடும்பு காய்ந்த மேட்டில் ஓடும். ஆமை ஈரத்தில் தவழும். உழ முடியாத மேடும் ஈரச் சேறும் ஊரின் உடைமைக்குள் எண்ணப்பட்டிருக்கின்றன. கோலால் அளந்து வரி போட முடியாத இடத்தை, அங்கே நடமாடும் உயிரை வைத்து எல்லைக்குள் கொண்டுவந்த எழுத்தரை நான் வெகு நாளாக வியக்கிறேன்.

இது வெறும் சடங்குச் சொல், பொருள் கொள்ளக் கூடாது என்று நண்பர்கள் மறுப்பார்கள். மறுத்திருக்கிறார்கள், எழுத்திலேயே. அவர்களுக்காக ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். காலடிப்பேட்டையில் என் பாட்டனார் வீடு வாங்கிய பத்திரம். ஓரம் செல்லரித்துவிட்டது, முத்திரைத் தாள் மடிப்பில் கிழிந்து பாட்டி சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். முக்கால் கிரவுண்டு மனை, ஒரு கிணறு. அதற்கு எழுத்தர் நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று தொடங்கும் முழு வரிசையையும் எழுதியிருக்கிறார். அந்த மனையில் புதையல் கிடையாது, பாறையும் கிடையாது. ஆனால் கிணற்றுத் தண்ணீருக்காகப் பங்காளிகள் வழக்குக்குப் போனபோது வக்கீல் விரல் வைத்தது ஜலம் என்ற அந்த ஒரு சொல்லில்தான். தேவைப்படும் நாளில் சடங்குச் சொல்தான் சாட்சி.

அலை ஏறி இறங்கும் நிலம் எப்போதும் அரசனுடையது அல்லவா என்பது இரண்டாவது மறுப்பு. எந்த அரசனுடையது? அது ஆங்கிலச் சட்ட மரபு. கப்பலில் வந்து இறங்கியது. 1805-இல் உப்பு ஏகபோகம் வந்தபோது கும்பினிக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. இங்கே முன்பு எப்படி இருந்தது என்று அறியத் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயில் சுவரைப் படித்தால் போதும். பல்லவர் காலக் கல்வெட்டுகளிலேயே மணலிச் சபை விளக்கெரிக்கப் பொன் வாங்கி வட்டி கட்ட ஒப்புக்கொள்கிறது. 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தபின், அதே சுவரில் இராட்டிரகூடன் கன்னரதேவனின் ஆட்சியாண்டு ஏறுகிறது. இளவரசனுக்கு நெருங்கியவராயிருந்து, துறவு பூண்டு இங்கே மடத்தில் அமர்ந்த சதுரானன பண்டிதரின் கொடையும் பகைவனின் ஆட்சியாண்டிலேயே பொறிக்கப்படுகிறது. அரசன் மாறினான். கொடையும் வட்டியும் சபையும் தொடர்ந்தன. கே.வி. ராமன் 1959-இலேயே இந்த வட்டாரத்தின் பழைய வரலாற்றைக் கல்வெட்டுகளைக் கொண்டு எழுதிவிட்டார். கும்பினி ஆய்வாளர்கள் அந்த நூலை மேற்கோள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பிரித்ததற்கான தடயம்தான் தெரியவில்லை.

மணலி என்றதும் ஒரு சிறு விலகல், மன்னியுங்கள். வட்டிக்குப் பொன் வாங்கிய அதே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக 1965-இல் நடுவண் அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தன. பின்னாளில் தெஹ்ரானும் வாஷிங்டனும் தூதரக உறவையே முறித்துக்கொண்டன. நம் மாநாட்டுப் பொருளுக்கு இதைவிட நல்ல கட்டுரைத் தலைப்பு கிடைக்காது. இளைஞர் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கழிக்குத் திரும்புகிறேன். 1708-இல் வெறுமனே விட்ட எல்லை அப்படியே வெறுமையாகவே கைமாறி வந்தது. கும்பினியிடமிருந்து பிரிட்டிஷ் அரசுக்கு, அங்கிருந்து உப்புத் துறைக்கும் வருவாய்த் துறைக்கும். புறம்போக்கு என்று ஒரு சொல்லைப் போட்டு மூடினார்கள். பிறகு நிரப்பத் தொடங்கினார்கள், காகிதத்தில் மட்டும் அல்ல. அனல்மின் நிலையங்களின் சாம்பல் வந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், பின்னர் காட்டுப்பள்ளி. 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் கீழ் 1996-இல் நடுவண் அரசு ஏற்பளித்த வரைபடத்தில் கழி முழுவதும் இருக்கிறது. அடுத்துப் புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் அதன் பெரும்பகுதியைக் காணோம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுக் கேட்டுத்தான் இது வெளியே வந்தது. 2022-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கழிமுகத்தை மீட்கச் சொன்னது. அது நடப்பதற்குள், 2023 டிசம்பர் வெள்ளத்தில் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து வலைகளில் படிந்தது.

இதைச் சூழலியல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், வரலாற்றுக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இரண்டு வரைபடங்கள் ஒன்றையொன்று மறுக்கும்போது மூலத்தைக் கேட்பதுதானே நம் தொழில்? 1717-இல் ஃபர்மானின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்ட நாம் 1996 வரைபடத்தை ஏன் தாளாக விட்டுவிட்டோம்? கழிக்குள் யார் எங்கே வலை கட்டினார்கள் என்ற கணக்கும் ஆவணம்தான். பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்த நாளில் யாருக்கு எந்த இடம் என்று ஊரே முறை வைத்துக் கொடுக்கும். பட்டா கிடையாது, ஆனால் இடத்துக்குப் பெயரும் உரிமைக்கு முறையும் உண்டு. அதைச் சான்றாக ஏற்கலாமா என்று கேட்டு நான் அனுப்பிய கட்டுரை ஓர் இதழில் இரண்டு ஆண்டு கிடந்து, எழுத்துச் சான்று இல்லை என்ற குறிப்போடு திரும்பியது. செப்பேட்டு ஆமையும் எழுதத் தெரியாததுதான். எழுத்தர் பார்த்து எழுதிக்கொண்டார்.

சென்ற மாதம் காட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். கையில் மூங்கில் கழி. கழிக்குள் கழி ஊன்றிப் போகிறோம் என்று நான் சொன்ன சிலேடைக்கு அவர் சிரிக்கவில்லை. ஓரிடத்தில் நிறுத்தி மூங்கிலை நட்டார். சாம்பல் நிறத்தில் சேறு குழம்பி மேலே வந்தது. மூங்கிலில் அவர் தோள் உயரத்தில் கத்தியால் கீறிய பழைய கோடு ஒன்று இருந்தது. தண்ணீர் அதற்கு வெகு கீழே, அவருடைய முழங்காலைக்கூட எட்டவில்லை.

"எங்கப்பா போட்ட கோடு சார். அப்ப இங்க ஆளு நிக்க முடியாது" என்றார். "சுத்தி இருக்கிற இடம் எல்லாத்துக்கும் பேரு இருக்கு. எழுதிக்கிறீங்களா?"

எழுதிக்கொண்டேன். நாற்பத்தொரு பெயர்கள். பாதியை அவரே ஒருமுறை சொல்லி, யோசித்து, திருத்திச் சொன்னார். இந்தப் பட்டியலை எந்த அமர்வில் வைப்பது என்று தெரியாமல்தான் மூன்று வாரம் தூக்கம் கெட்டது.

அமைப்பாளர்கள் துண்டுச்சீட்டு நீட்டுகிறார்கள், நேரம் கடந்துவிட்டது. நாளை காலை ஆறு மணிக்கு ராயபுரம் ரயில் நிலைய வாசலில் ஒரு வேன் நிற்கும். 1856-இல் திறந்த கட்டடம், கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்காது. வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள். நல்ல செருப்பு வேண்டாம், சேறு. பெரியவர் படகோடு காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாநாட்டைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வின் தலைவரிடம் ஒலிவாங்கியைத் தருகிறேன்.