தராசில் ஏறாத வளர்ச்சி

ஏழைக் குடும்பத்தில் பிறக்கும் குழந்தையை அரசு எந்த வயதில் சென்று சேர்கிறது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் பெருமைப்படத்தக்க பதில் உண்டு. கருவுற்ற தாய்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வருகிறது. இரண்டு வயது நிறைந்ததும் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடி மையங்களில் ஏதேனும் ஒன்று அதற்குச் சோறும் பாட்டும் தருகிறது. மனையியல், செவிலியம், சமூகப்பணி ஆகிய துறைகளில் இன்று பட்டம் பெறுவோர் இந்த ஏற்பாட்டின் வாரிசுகள். அதில் இன்னும் அடைபடாத ஓர் இடைவெளியும் அவர்கள் பொறுப்புக்கே வருகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தையின் உலகம் வீடுதான். அந்த வீட்டுக்குள் மாவுப் பொட்டலம் போய்ச் சேர்வதைக் கணக்கில் எழுதும் நிர்வாகம், அங்கே குழந்தையோடு யாராவது பேசுகிறார்களா, விளையாடுகிறார்களா என்பதை அதே அக்கறையோடு கேட்பதில்லை.

வீட்டில் வளரும் குழந்தையைத் தேடிச் செல்வது இந்த மண்ணுக்குப் புதிதன்று. உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் தொடங்கி, மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தது. ‘வளர்ச்சித் தேக்கம்’, அதாவது ஏற வேண்டிய அளவுக்கு எடை ஏறாமல் நின்றுவிடுவது, எந்தக் குழந்தையிடம் தென்பட்டதோ அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தியது. எல்லோருக்கும் எப்போதும் உணவு என்ற வழக்கத்திலிருந்து இது விலகியது என்பதைவிட, மெலிந்த பிறகு காப்பாற்றுவதற்குப் பதிலாக மெலியத் தொடங்கும்போதே கண்டுபிடித்தது என்பதே அதன் உண்மையான சாதனை. எடை பார்க்கும் பெண் அதே ஊர்க்காரர். காலை உதறி அழும் குழந்தை அடங்கும்வரை பொறுத்திருந்து, எடையைப் படித்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, சென்ற மாதப் புள்ளியோடு அதைக் கோட்டால் இணைத்து, கோடு ஏறுகிறதா படுத்துவிட்டதா என்று தாயின் கண்ணுக்கு நேரே காட்டுவது சிறிய வேலையாகத் தோன்றலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் தன் குழந்தையின் நலனைத் தானே படித்துக்கொள்ளும் உரிமையை அந்த ஒற்றைக் கோடு தந்தது.

ஆனால் தராசு எடையை மட்டுமே காட்டும், மனம் வளர்கிறதா என்பதைக் காட்டாது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகர ஏழைக் குடியிருப்புகளில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் குழுவினர் 1980களின் பிற்பகுதியில் நடத்திய ஆய்வை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, அதாவது ‘வளர்ச்சிக் குன்றல்’, உள்ள 129 குழந்தைகளை, 9 முதல் 24 மாத வயதில் தேர்ந்தெடுத்து, நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பால் சார்ந்த ஊட்ட உணவும், இன்னொன்றுக்கு ‘உளத்தூண்டல்’ எனப்படும் பேச்சும் விளையாட்டும், மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு இவை எதுவுமின்றி வழக்கமான மருத்துவ வசதியும் இரண்டு ஆண்டுகள் கிடைக்கச் செய்தனர். உளத்தூண்டல் என்றால் பெரிய கருவி எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற சுகாதார உதவியாளர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, வீட்டில் கிடைக்கும் கழிவுப் பொருள்களால் செய்த பொம்மையை வைத்து, குழந்தையோடு எப்படி விளையாடுவது என்று ஒரு மணி நேரம் தாய்க்குச் செய்து காட்டி, பொம்மையை அங்கேயே விட்டுச் சென்று, அடுத்த வாரம் வேறொன்றோடு மாற்றிக்கொள்வார். அந்தக் குழந்தைகள் 22 வயதை எட்டியபோது, உளத்தூண்டல் பெற்றவர்களின் வருமானம், அத்தூண்டல் பெறாதவர்களுடையதைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஊட்ட உணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பலன் தென்படவில்லை. இதைக் கொண்டு உணவு வேண்டாம் என்று வாதிடுவது பெரும் தவறு. உணவோடு நின்றுவிடக் கூடாது என்பதே அதன் பொருள்.

இத்தகைய பேச்சும் விளையாட்டும் வீட்டில் நடக்காததற்குத் தாய்மாருக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று எழுதிவிடுவது எளிது, அது பெரும்பாலும் நியாயமும் அன்று. விடியுமுன் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, நடவுக்கோ செங்கல் சூளைக்கோ போய், இருட்டும் நேரத்தில் திரும்பும் பெண்ணுக்கு இல்லாதது அறிவு அன்று, நேரமே. இதை உணர்ந்துதான் 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ சிறு குழந்தைகள் வந்தால் அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்த வேண்டும் என்று அட்டவணையில் எழுதியது. வேப்பமர நிழலில் சேலைத் தூளி கட்டி, அதை ஆட்டியபடி தவழும் குழந்தைகளோடு பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணின் வேலையையும் குழந்தை வளர்ச்சிப் பணியாகவே கருதி, அவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியது இந்தத் துறைகளில் தேர்ச்சி பெற்றவர்களின் கடமை.

இன்று பட்டம் பெறுவோரில் சிலர் நாளை அங்கன்வாடி மேற்பார்வையாளராகவும் வட்டார அலுவலராகவும் பதிவேடுகளின் முன் அமர்வார்கள். இருப்பிலுள்ள மாவு மூட்டைகளை எண்ணி முடித்த பின், கடந்த வாரம் எந்த வீட்டுக்குப் போனீர்கள், அந்தக் குழந்தை எதை வைத்து விளையாடியது, தாயும் கூட உட்கார்ந்தாரா என்று பணியாளரிடம் அவர்கள் கேட்க வேண்டும். அவ்வாறு போய்வர அவருக்கு நேரம் கிடைக்கும்படி பதிவேடுகளில் இரண்டொன்றையாவது குறைத்துக் கொடுக்கவும் வேண்டும்.