வண்டி கொதித்தால் என்ன செய்வது?



இன்றைய பேச்சு வண்டியின் சூட்டைப் பற்றியது.

பழைய கார், பழைய ஜீப், பழைய வேன் ஆகியவற்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். புது வண்டி வாங்கக் கையில் காசு இருக்காது. கடன் வாங்கிப் பழைய வண்டியை வாங்குவார்கள். வண்டி ஓடினால்தான் தவணை கட்ட முடியும். வீட்டில் அடுப்பும் எரியும். வண்டி கொதித்து வழியில் நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. இஞ்சினே கெட்டுவிட்டால்? போட்ட முதலும் போயிற்று.

சூடு எங்கிருந்து வருகிறது?

இஞ்சினுக்குள் பெட்ரோல் அல்லது டீசல் எரிகிறது. அந்தச் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மீதிப் பங்கு இஞ்சினைச் சூடாக்குகிறது. இந்தச் சூட்டை வெளியேற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்வது தண்ணீர்.

இஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓட வழி இருக்கிறது. வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. சூடான தண்ணீர் மேல் ஓஸ் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் இறங்குகிறது. ஃபேன் காற்றை இழுக்கிறது. தண்ணீர் ஆறுகிறது. கீழ் ஓஸ் வழியாக மறுபடியும் இஞ்சினுக்குப் போகிறது. நடுவில் தெர்மோஸ்டாட் என்ற சிறு கதவு உண்டு. இஞ்சின் குளிராக இருக்கும்போது அது மூடியிருக்கும். சூடு ஏறியதும் திறக்கும்.

ஆக, வண்டி கொதிப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். தண்ணீர் போதாது. தண்ணீர் ஓடவில்லை. காற்று படவில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம்.

அரியானா மாநிலத்தில் கால்கா என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து இமாச்சலப் பிரதேசத்தின் சிம்லாவுக்கு மலைச்சாலை ஏறுகிறது. கால்கா சுமார் 650 மீட்டர் உயரத்தில் உள்ளது. சிம்லா சுமார் 2200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்தப் பாதையில் ஓர் இளைஞர் பழைய அம்பாசடர் கார் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு நின்றுவிட்டது. ஆகவே அவர் வாங்கியது பலர் கைமாறிய வண்டி.

அவர் தினமும் ரேடியேட்டரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார். "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்று நினைத்தார். ஒருநாள் ஏற்றத்தில் மீட்டரின் முள் மேலே போனது. அந்த மீட்டரில் எச், சி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். எச் என்றால் சூடு. சி என்றால் குளிர். முள் எச்சைத் தொட்டது. முன்னால் ஆவி கிளம்பியது.

வண்டியை ஓரம் கட்டினார். இஞ்சினை நிறுத்தினார். அதுவரை சரி. ஆனால் பயணிகள் அவசரப்படுத்தினார்கள். ஆவி அடங்கியதும் பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார்.

"மூடியைத் தொடாதே தம்பி! முகம் வெந்துபோகும்!" என்று ஒரு குரல் கேட்டது. சாலையோரக் கடையில் இருந்த வயதான மெக்கானிக் ஓடி வந்தார்.

ஏன் தொடக்கூடாது? சாதாரணமாக, தாழ்வான ஊர்களில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சிம்லா உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. பிரஷர் குக்கரைப் போலத்தான். அதனால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். அந்த நொடியே தண்ணீர் கொதித்து, பீறிட்டு அடிக்கும். முகம், கண், மார்பு எல்லாம் வெந்துவிடும்.

மெக்கானிக் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கச் சொன்னார். ரேடியேட்டர் கை பொறுக்கும் அளவுக்கு ஆறியது. பிறகு தடித்த துணியை மூடியின் மேல் போட்டார். முகத்தை விலக்கிக்கொண்டார். மூடியைக் கொஞ்சம் மட்டும் திருப்பினார். "உஸ்" என்று மிச்ச ஆவி போனது. சத்தம் நின்றபிறகே முழுவதும் திறந்தார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். காய்ந்த இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் இரும்பு விரிசல் விடும்.

பிறகு மெக்கானிக் கேட்டார்: "எப்போதெல்லாம் சூடு ஏறுகிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குறைகிறது?"

ஓட்டுநரால் பதில் சொல்ல முடியவில்லை. "இஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று வேறொருவர் சொன்னாரே!" என்று கலங்கினார். அதற்கு அவரிடம் பணம் இல்லை.

"முதலில் ஒரு வாரம் எழுதி வை. மலையேற வேண்டாம். உள்ளூரில் ஓட்டு. முள் ஏறினால் உடனே நிறுத்திவிடு" என்றார் மெக்கானிக்.

ஓட்டுநரின் மனைவி மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். அவர் ஒரு நோட்டில் கோடு போட்டார். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய தண்ணீர், முள் ஏறிய இடம் என்று தினமும் எழுதினார். காலையில் வண்டியின் அடியில் தரை ஈரமா என்றும் பார்த்து எழுதினார்.

ஒரு வாரத்தில் நோட்டு பேசியது.

வண்டி நெரிசலில் நின்றபோது முள் ஏறவில்லை. ஆகவே ஃபேனும் அதன் பெல்ட்டும் நன்றாக இருக்கின்றன. ஊருக்குள் இருக்கும் சிறு மேட்டில் ஏறும்போது மட்டும் முள் ஏறியது. ஆகவே இஞ்சினுக்கு வேலை கூடும்போது ரேடியேட்டரால் ஆற்ற முடியவில்லை. தினமும் அரை லிட்டர் தண்ணீர் குறைந்தது. காலையில் வாட்டர் பம்ப்புக்கு நேர் கீழே தரை ஈரம்.

மெக்கானிக் இஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். சில இடங்கள் சூடு. நடுவில் சில இடங்கள் குளிர். குளிர்ந்த இடத்தில் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். இத்தனை காலமும் ஊற்றியது உப்புள்ள போர்த் தண்ணீர். குழாய்களில் சுண்ணாம்பு படிந்து அடைத்துவிட்டது.

இஞ்சின் ஆயிலையும் பார்த்தார். பால் கலந்த தேநீர் போல இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். இந்த ஆயில் அப்படி இல்லை. ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரவில்லை. வெள்ளைப் புகையும் இல்லை. இஞ்சினைப் பிரிக்கத் தேவையே இல்லை!

வாட்டர் பம்ப்பை மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். வெடித்திருந்த ஓஸ்களை மாற்றினார். செலவு ஆயிற்று. ஆனால் இஞ்சின் பிழைத்தது. வண்டி மறுபடியும் மலை ஏறியது.

எல்லா வண்டியிலும் இதே கோளாறு இருக்காது. நின்றால் சூடு ஏறி, ஓடினால் இறங்குகிறதா? ஃபேனையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். இஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தலாம். சுமார் அரை அங்குலம் அமுங்கினால் போதும். அதிகம் தொங்கினால் பெல்ட் வழுக்கும். கிளம்பிய சில நிமிடங்களிலேயே கொதிக்கிறதா? தண்ணீர் குறைவாக இருக்கலாம். அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவோர் உண்டு. அது சரியல்ல. இஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். கெட்டிருந்தால் மாற்றுவதே நல்லது.

ரேடியேட்டருக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவது நல்லது. துரு பிடிக்காது. சுண்ணாம்பு படியாது. குளிர் மிகுந்த ஊர்களில் தண்ணீர் உறைந்தால் விரியும், இஞ்சினையே உடைத்துவிடும். கூலன்ட் அதையும் தடுக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கூலன்ட் இனிக்கும். ஆனால் விஷம். குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. குளிர்பான பாட்டிலில் அதை ஊற்றி வைக்கவே கூடாது. தரையில் சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் காலையில் போக வேண்டும். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். துருத் தண்ணீரா, எண்ணெய் மிதக்கிறதா, ஆயில் எப்படி இருக்கிறது என்று பார்த்தபிறகே விலை பேச வேண்டும்.

நண்பர்களே! மீட்டரின் முள்ளைப் படிப்பதும் படிப்புதான். வண்டியில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். ஊற்றும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் அதில் ஏறட்டும். எழுதி வைத்த கணக்கு இருந்தால், தேவையில்லாத வேலையை யாரும் நம் தலையில் கட்ட முடியாது.