ராகி பிஸ்கட்டில் ராகி எவ்வளவு?



காலையில் அம்மா வேலைக்குப் போய்விடுவார். களி கிண்ட நேரம் இல்லை. அதனால் தம்பிக்கு ராகி பிஸ்கட் வாங்கினேன். முன்பக்கம் ராகிக் கதிர் படம். பின்பக்கம் திருப்பிப் படித்தேன். முதலில் மைதா. அடுத்து சர்க்கரை. பிறகு பாமாயில். கடைசியில்தான் ராகி!

எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். இது சட்டம். நான் காசு கொடுத்தது மைதாவுக்குத்தான்.

100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு அரிசியில் சுமார் 10 மில்லிகிராம்தான். எலும்புக்கும் பல்லுக்கும் இந்தச் சத்து வேண்டும்.

இந்தியாவில் ராகி அதிகம் விளைவது இந்தக் கர்நாடகத்தில்தான். கோலாரிலும் தும்கூரிலும் விளைகிறது. தானியமாக வாங்குங்கள். கழுவிக் காயவைத்து மில்லில் அரையுங்கள். இரவே கூழ் காய்ச்சி வைத்தால் காலையில் மோர் ஊற்றிக் குடிக்கலாம்.

பாக்கெட் வாங்கினால்? எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். "முதலில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். விலை, எடை, தேதி எல்லாம் எண்கள். அவற்றை நீங்களே படிக்கலாம்.

முதலில் திருப்பிப் பாருங்கள். பிறகு காசு கொடுங்கள்.